மூன்றாம் குழியில் கிடைத்தது

தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பே, தோண்டி எடுத்தவற்றைப் பற்றிய புத்தகம் அச்சாகி வந்துவிட்டது.

இருபத்து நான்கு பக்கம், வழவழப்பான அட்டை. 'பண்டைய நாகரிகங்களைத் தேடி: ஆறாம் வகுப்பு மாணவர்களின் கண்டுபிடிப்புகள்' என்று தங்க நிறத்தில் தலைப்பு. உள்ளே பன்னிரண்டு பொருள்களின் படம். ஒவ்வொரு படத்தின் கீழும், அதைக் கண்டெடுத்த பிள்ளை சொன்னதாக இரண்டு வரி. 'இந்தப் பானையைக் கையில் ஏந்தியபோது என் மெய் சிலிர்த்தது' என்று ஒரு பையன் சொல்லியிருந்தான். அவன் அந்தப் பானையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மெய் சிலிர்ப்பதற்கு அவனுக்கு அடுத்த வார வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி ஒதுக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு பேருக்காகவும் சிலிர்த்தவள் வரலாற்று டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். முதல் நான்கு பேருக்கு மெய் சிலிர்த்தது. அடுத்த மூன்று பேர் வியப்பில் ஆழ்ந்தார்கள். எட்டாவது பிள்ளைக்கு வந்தபோது கையிருப்பில் இருந்த உணர்ச்சியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, 'எனக்குப் பேச்சே வரவில்லை' என்று எழுதிவைத்தாள். புத்தகத்தில் உண்மை என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு வரிதான்.

எழுதியது அவள் என்றாலும், அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட அவளுக்கு அதிகாரம் கிடையாது. நிரந்தர ஆசிரியர்கள்தான் போடலாம். அவள் தற்காலிகம். ஐந்து வருடமாகத் தற்காலிகம். கோடை விடுமுறைக்கு முந்தின நாள் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பள்ளி திறக்கிற அன்று மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். "உன் வேலைக்கு வருஷா வருஷம் உயிர் போயி உயிர் வருது" என்பான் அவள் கணவன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மேலே போவது கீழே வருவது தவிர உலகத்தில் வேறு அசைவு இல்லை என்று நம்புகிறவன்.

இந்த முறை பள்ளி முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. ஆய்வு நல்லபடி முடிந்தால் அன்றைக்கே நிரந்தர ஆணை. ஆணை ஏற்கெனவே தட்டச்சாகி மேசை இழுப்பறையில் இருந்தது. தேதி மட்டும்தான் போடவில்லை. முதல்வர் இழுப்பறையை அரை சாண் இழுத்து, தாளின் ஓரத்தை அவளுக்குக் காட்டிவிட்டு மூடினார். குழந்தைக்கு மிட்டாயைக் காட்டுவது போலத்தான். ஆனால் மிட்டாய் என்னவோ உண்மையானது.

"நாலு குழி. எகிப்து ஒன்னு, சுமேரியா ஒன்னு, சிந்துவெளி ஒன்னு, சீனா ஒன்னு. குழிக்கு மூணு பொருள்" என்றார் முதல்வர். "தோட்டக்காரர் புதன்கிழமை சாயங்காலமே புதைச்சு வெச்சுடுவார். வியாழக்கிழமை பிள்ளைங்க தோண்டணும், எடுக்கணும், புத்தகத்துல இருக்கறத சொல்லணும், கைதட்டணும். குழிக்குப் பத்து நிமிஷம். சரிதானே டீச்சர்?"

டீச்சர் பேசவில்லை.

"நீங்க இப்படிச் சும்மா இருந்தா ஒத்துக்கிட்டீங்களா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"யோசிக்கிறேன் மேடம்."

"அதெல்லாம் ஆய்வு முடிஞ்சு வெச்சுக்கலாம்."

அவளுடைய மௌனத்தைப் பற்றிப் பெற்றோர்களிடமிருந்தே இரண்டு புகார் வந்திருந்தது. 'டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுப் பாடம் நடத்தாமல் நிற்கிறார்' என்பது ஒன்று. 'எவ்வளவு நேரம் நின்றாலும் பதிலைச் சொல்வதில்லை' என்பது மற்றது. இரண்டும் உண்மை. கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் கரும்பலகையில் சாய்ந்துகொள்வாள். முதல் நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். இரண்டாவது நிமிடம் ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் வேறு வழியில்லாமல் யாராவது யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். டீச்சர் வாயை மூடினால் 'மேலே போ' என்று அர்த்தம் என ஆறாம் வகுப்பு புரிந்துகொள்ள ஒரு பருவம் பிடித்தது.

அந்தப் பத்து நாளில், புத்தகத்தில் இருக்கிற வரிகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பதுதான் அவளுக்கு இட்ட வேலை. செய்தாள். ஆனால் ஒரு புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மனப்பாடம் செய்து செய்து வகுப்பே தூங்கி விழுந்தது. அப்போது, கணவன் கொடுத்தனுப்பிய துணிப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள்.

லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. கதவு இடுக்கில் தவறி விழுகிறதெல்லாம் அங்கே போய்ச் சேரும். எண்ணெய் போட இறங்குகிறபோதெல்லாம் அவன் பொறுக்கிக்கொண்டு வருவான். வாசலில் எழுதி ஒட்டியும் கேட்டு வராத பொருள்கள்தான் பையில் சேரும். "படியில விழுந்தா தேடுவாங்க. லிஃப்டு குழியில விழுந்தா அதோட சரி. போனது போச்சுன்னு மேல போயிடுவாங்க" என்பான். பையில் பதினேழு சாவி, ஒற்றைத் தோடு, பாதிப் பல் செட்டு, ஒரு குழந்தைச் செருப்பு, பேனா மூடிகள், மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால்.

"இதெல்லாம் எந்த நாகரிகம் டீச்சர்?" என்று கேட்டாள் முதல் பெஞ்சுப் பெண். அவளுக்கு வகுப்பில் 'சல்லடை' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்துக் கல் இருக்கிறது என்பாள்.

"நீங்கதான் சொல்லணும். நோட்டை எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடப்பக்கம் 'கண்டது'. வலப்பக்கம் 'நினைத்தது'. கண்ணால பார்த்தது இங்க. மனசுல தோணினது அங்க. ரெண்டையும் கலந்தீங்கன்னா உங்களுக்கு நாகரிகமும் தெரியாது, ஒன்னும் தெரியாது."

"தோடு எதுல?" என்றான் பக்கத்துப் பெஞ்சுப் பையன். பென்சில் கையை விட்டு இறங்காத பையன் என்பதால் அவன் 'குமாஸ்தா'.

"தோடு கண்டது."

"அது பொம்பளைங்களோடதுன்னு எழுதலாமா?"

"நீ பார்த்தியா?"

குமாஸ்தா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு அதை வலப்பக்கத்தில் எழுதினான்.

அன்றைக்கு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சூட்டில் டீச்சர் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டாள். தோண்டும்போது மண்ணைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். இளக்கமாக இருந்தால் முன்பே யாரோ கை வைத்த மண். யாருமே தொடாத கெட்டி மண் தட்டுப்படுகிற வரைக்கும் நிறுத்தக்கூடாது. பொருள் கிடைத்துவிட்டது என்று எழுந்து வருகிறவனை அகழாய்வுக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மழை விட்டது. மறுநாள் மறுபடி மனப்பாடம். சொன்னதை அவள் மறந்துபோனாள். சொன்னவர்கள் மறப்பது சுலபம்.

ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் தோட்டக்காரர் மண்வெட்டியோடு இறங்கினார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளிக்குப் புதைப்பது அவர் வேலைதான். உடைந்த நாற்காலி, பெயர் தவறாகப் பொறித்த கோப்பை, பழைய முதல்வரின் கல்வெட்டு, எது வேண்டாம் என்றாலும் அவரிடம்தான் வரும். எதை எங்கே புதைத்தோம் என்று அவர் குறித்து வைப்பதில்லை. குறித்து வைக்கிறவர்களிடம் அந்த வேலையைக் கொடுக்கவும் மாட்டார்கள்.

"மூணாவது குழிக்குக் கோடு போட்ட இடத்துல பாறைங்க டீச்சர். கடப்பாறையே வளையுது" என்று வந்து நின்றார். "ஆறடி தள்ளி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால தோண்டிட்டேன். மண்ணு பஞ்சு மாதிரி இருக்கு. வெட்டறதுக்கு முன்னாடியே வழி விடுது."

"எவ்வளவு ஆழம்ணே?"

"ரெண்டடி. பட்டியல்ல ரெண்டடின்னுதானே இருக்கு."

மண் ஏன் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கலாம். அவள் மனசு இழுப்பறைக்குள் இருந்தது.

வியாழக்கிழமை ஆய்வுக்குழு சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி வந்து சேர்ந்தது. மூன்று பேர். தலைவர் இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். எதைக் காட்டினாலும் "இதோட நோக்கம் என்ன?" என்பார். மற்ற இருவரும் அவர் எழுதும் வரை காத்திருந்து, எழுதியதும் எழுதினார்கள். மூவர் கையிலும் தங்க எழுத்துப் புத்தகம்.

எகிப்து நன்றாகவே நடந்தது. பையன் பானையைக் கையில் எடுப்பதற்கு முன்பே மெய் சிலிர்த்துவிட்டான். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சுமேரியாவில் களிமண் பலகை எட்டு நிமிடத்தில் கிடைத்தது. தலைவர் புத்தகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்ததில் அவருக்குத் திருப்தி.

"ஆச்சரியமா இருக்கு. அப்படியே இருக்கே" என்றார்.

"எங்க பிள்ளைங்க எப்பவுமே அப்படித்தான் சார்" என்றார் முதல்வர்.

மூன்றாம் குழியில் சல்லடையும் குமாஸ்தாவும் இறங்கினார்கள். பானை வந்தது. முத்திரை வந்தது. மணி மாலை வந்தது. சொல்ல வேண்டிய வரிகளைச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முதல்வர் நான்காம் குழி பக்கம் கையை நீட்டிவிட்டார். சல்லடை மட்டும் மறுபடி குனிந்து உள்ளங்கையால் மண்ணை அமுக்கினாள்.

"போதும்மா, எழுந்திரு" என்றார் முதல்வர்.

"இன்னும் கெட்டி மண்ணு வரல மேடம்."

"மூணும் வந்தாச்சேடா கண்ணு. பட்டியல்ல அவ்வளவுதான்."

"பட்டியல் அவ்வளவுதான் மேடம். மண்ணு இன்னும் இளக்கமா இருக்கு. முன்னாடியே யாரோ தோண்டியிருக்காங்க."

தலைவர் நின்றார். நெற்றிக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது. "குழந்தை என்ன சொல்றா?"

சல்லடை நிமிர்ந்து வரலாற்று டீச்சரைப் பார்த்தாள். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். 'வா' என்றால் வந்துவிடுவாள். அது டீச்சருக்கும் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது என்னவோ, அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். தேடத் தேட நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் வகுப்புக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரியும். சல்லடை மறுபடி கொத்துக்கரண்டியை எடுத்தாள்.

நான்கு அங்குலம் போனதும் தகரச் சத்தம் கேட்டது.

நீலப் பெயின்ட் அடித்த பெட்டி. மேலே ஒரு நீளமான வாய். முன்பக்கம் பூட்டு. மண் தின்றது போக எழுத்தில் 'உங்கள் கருத்' என்பது வரைக்கும் மீதம் இருந்தது. தோட்டக்காரர் அதைப் பார்த்ததும் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டீச்சருக்குப் பெட்டியைத் தெரிந்தது. அவள் சேர்ந்த வருடம் அலுவலக வாசலில் நாடா வெட்டித் திறந்து வைத்தார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மனசில் இருப்பதைப் பேர் போடாமல் எழுதிப் போடலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் போட்டார்கள். சாவி யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு நடந்த ஆய்வில், 'வந்த கருத்துகள் எத்தனை, நிறைவேற்றியவை எத்தனை' என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. படிவத்துக்கு முந்தின நாள் பெட்டி காணாமல் போனது. படிவத்தில் 'பெட்டி இல்லை' என்று எழுதினார்கள். பொய் இல்லை. அன்றைக்கு இல்லைதான்.

"கண்டதைச் சொல்லு, எழுதறேன்" என்றான் குமாஸ்தா, குழிக்குள்ளேயே சம்மணம் போட்டபடி.

"தகரம். நீல பெயின்ட். மேல ஒரு வாய். பூட்டு துருப்பிடிச்சிருக்கு. சாவி இல்ல. உள்ள காகிதம் இருக்கற சத்தம் வருது."

"நினைத்தது?" என்று கேட்டது தலைவர். அவருக்கே தெரியாமல் குழியின் விளிம்பில் குந்திவிட்டார். மற்ற இருவரும் குந்தினார்கள்.

சல்லடை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போடறதுக்கு வழி இருக்கு சார். எடுக்கறதுக்கு வழி இல்ல. அதனால திரும்பக் கிடைக்கும்னு நினைச்சு யாரும் போட்டிருக்க மாட்டாங்க. கடவுளுக்குப் போட்டிருப்பாங்க. அந்தக் கடவுள் காகிதம் சாப்பிடறவரா இருக்கலாம்."

முதல்வருக்கு இருமல் வந்தது.

பூட்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே நூற்றுக்கும் மேல் தாள்கள், ஓரம் பழுத்து, மடிப்பு மடிப்பாக. சல்லடை மேலிருந்த தாளைப் பிரித்தாள். "'கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.'" படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "சார், இந்த நாகரிகம் இன்னும் அழியல."

"எப்படிம்மா சொல்றே?"

"நேத்துகூட நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

குழுவில் ஒருவர் சிரிக்கப் பார்த்து, தலைவர் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த தாளைக் குமாஸ்தா எடுத்தான். "'விளையாட்டுப் பீரியடில் கணக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.'" அவன் புருவம் சுருங்கியது. "விளையாட்டுப் பீரியடுன்னா என்ன?"

"தெரியல. நமக்கு இல்ல" என்றாள் சல்லடை. "அழிஞ்சுபோன பழக்கமா இருக்கும். வலப்பக்கம் எழுது."

"நான்காம் குழியில சீனா காத்துக்கிட்டிருக்கு சார்" என்றார் முதல்வர். சீனாவைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது தாள் கோடு போட்ட தாள். பிரிக்கும்போதே டீச்சர் அதன் நீல மையைப் பார்த்தாள். யாருடைய கையெழுத்தோ என்றுதான் முதலில் பட்டது. நிமிர்ந்த, துணிச்சலான எழுத்து. இதை எழுதியவள் எதற்கும் காத்திருக்கிறவள் இல்லை என்று தோன்றியது. பிறகுதான் அது தன் எழுத்து என்று தெரிந்தது.

சல்லடை சத்தமாகப் படித்தாள்.

"'இந்தப் பள்ளியில் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று கூட்டம் போட்டு வருத்தப்படுகிறோம். இதை யாராவது படித்தால், படித்ததற்கு அடையாளமாக ஒரே ஒரு வார்த்தை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டவும்.'"

குழுத் தலைவர் தன் கையில் இருந்த தங்க எழுத்துப் புத்தகத்தைப் பார்த்தார். மற்ற இருவரும் தங்கள் புத்தகங்களைப் பார்த்தார்கள்.

அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு காலையும் அவள் அறிவிப்புப் பலகை வழியாகத்தான் வகுப்புக்குப் போனாள். பஸ் கால அட்டவணை இருக்கும். தொலைந்துபோன குடைகளின் விவரம் இருக்கும். இரண்டாம் வருடம் மாடிப்படி வழியாகப் போகத் தொடங்கினாள். மூன்றாம் வருடம் எழுதியதே மறந்துபோனது. ஐந்தாம் வருடம் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பதில் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

சல்லடை தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு வருடமாகக் கரும்பலகையிலும் தன் நோட்டிலும் பார்த்த எழுத்து. அவள் முகத்தில் தெரிந்தது, தெரிந்துவிட்டது என்பது. ஆனால் பேரைச் சொல்லவில்லை.

"கையெழுத்தைப் பத்தி என்ன எழுதட்டும் டீச்சர்?" என்று கேட்டான் குமாஸ்தா. அவனுக்கும் தெரிந்திருந்தது. பென்சில் கோட்டுக்கு மேலே நின்றது. "யார் எழுதினாங்கன்னு நாங்க பார்க்கல. வலப்பக்கம் போட்டுடவா?"

வலப்பக்கம் போட்டால் போதும். 'யாரோ ஒருவர்.' இழுப்பறையில் தாள் இருக்கிறது, தேதிக்கு இடம் விட்டு. பிள்ளைகளே வழி காட்டுகிறார்கள். அவள் வழக்கம்போல் சும்மா நின்றாலே போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய மௌனம் அவளுக்கே கேவலமாக இருந்தது.

"இடப்பக்கம் எழுது" என்றாள். "எழுதினது நான். நான் சேர்ந்த வருஷம்."

குமாஸ்தா எழுதினான். பென்சில் உராய்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "நீங்களே எழுதினதா? இதோட நோக்கம் என்ன?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முதல்வர் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். இருமல் போய், குரல் தேனாகியிருந்தது.

"அதைத்தான் சார் நான் கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இது எங்க திட்டத்துலயே உள்ள விஷயம். பிள்ளைங்களுக்குப் பழங்காலம் மட்டும் தெரிஞ்சா போதுமா? நேத்து நடந்ததையும் தோண்டிப் பார்க்கத் தெரியணும். அதுக்காக டீச்சர் தன் கையாலயே எழுதி, பெட்டியைத் துருப்பிடிக்க வெச்சு, புதைச்சு... எவ்வளவு உழைப்பு பாருங்க. புத்தகத்துல வேணும்னேதான் போடல. பிள்ளைங்க தாங்களா கண்டுபிடிக்கணும் இல்லையா?"

"தாழ்ப்பாளும்?" என்றார் தலைவர்.

"அதுவும்தான் சார். பிள்ளைங்க எவ்வளவு உன்னிப்பா கவனிக்கறாங்கன்னு பார்க்கத்தான் அதைப் போடாமலேயே வெச்சிருக்கோம்."

"இல்லீங்க சார்" என்றாள் டீச்சர். "இது நிஜமான பெட்டி. நிஜமாவே எழுதிப் போட்டதுதான்."

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். "கடைசி வரைக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேங்கறீங்க பாருங்க, அதுதான் ஆசிரியர்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். மற்ற இருவரும் எழுதினார்கள்.

உண்மை சொன்னால் வேலை போய்விடும் என்று அவள் பயந்திருந்தாள். உண்மையைச் சொன்னாலும் யாரும் அசைய மாட்டார்கள் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

சாயங்காலம் முதல்வர் இழுப்பறையை முழுசாக இழுத்தார். ஆணையில் தேதி போட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய கோடு போட்ட தாளும் இருந்தது.

"எனக்கு உங்க மேல கோபம் இல்ல" என்றார் முதல்வர். உண்மையிலேயே இல்லை போலத்தான் இருந்தது. "பெட்டி வைக்கணும்னு சொன்னதே நான்தான். தெரியுமா உங்களுக்கு? முதல் வாரம் சாவி என்கிட்ட இருந்துச்சு. பதினோரு தாள் படிச்சேன். பன்னிரண்டாவதைப் பிரிக்க முடியல. படிச்சா செய்யணுமே. எதை வெச்சுச் செய்யறது?" ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "சரி. ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்க. போட்டுட்டேன்."

தாளின் அடியில் ஊதா மையில், கொஞ்சம் சாய்வாக, ரப்பர் முத்திரை. 'பார்வையிடப்பட்டது.'

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். ஒரு வார்த்தைதான். எண்ணிப் பார்த்தாலும் ஒன்றுதான்.

"அடுத்த வருஷம் பெரிய குழு வருதாம். இதையே செய்யச் சொல்லியிருக்காங்க. பெட்டியை அதே இடத்துல புதைச்சுடலாம். தாளெல்லாம் பழசாயிடுச்சு, நீங்களே ஒரு இருபது புதுசா எழுதிடுங்க. கொஞ்சம் நல்லதாவும் இருக்கட்டும். புத்தகத்துல பதிமூணாவது கண்டுபிடிப்பா சேர்த்துடுங்க, அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே போட்டு. அச்சகத்துல இன்னும் அச்சுக் கோப்பு இருக்காம், நாளைக்கே குடுத்தா இப்பவே அடிச்சு வெச்சுடுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், அந்தத் தாழ்ப்பாளை அதுவரைக்கும் போட வேண்டாம். போட்டுட்டா அந்த வரி பொருந்தாது."

டீச்சர் பேசவில்லை. முதல்வர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவள் ஆணையில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வீட்டில் கணவன் ஆணையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "இனிமே உயிர் போயி வராது."

"ஏங்க, உங்க வேலைப் பையில தாழ்ப்பாள் ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"ஒரு கதவுக்கு."

"இவ்வளவு வருஷம் இல்லாத கதவுக்கு இன்னைக்கு என்ன திடீர்னு?" என்றான். ஆனால் எழுந்துபோய்ப் பையைத் துழாவினான். பித்தளையில் ஒன்று கிடைத்தது, நான்கு திருகாணியோடு.

மறுநாள் முதல் இடைவேளையில் தோட்டக்காரர் கழிப்பறைக் கதவில் மூன்றாவது திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். "மேடம் வேண்டாம்னு சொன்னாங்களே டீச்சர்."

"நான் புதைக்கச் சொல்லலையேண்ணே."

"அதுவும் சரிதான். மாட்டற வேலை எனக்கு எப்பவாவதுதான் வருது."

அவள் கைப்பேசி அடித்தது. அச்சகக்காரர். காலையில் அவள் கொடுத்தனுப்பிய புதிய பக்கம் வந்து சேர்ந்ததாம். "டீச்சர், பதிமூணாவது கண்டுபிடிப்புக்குப் படம் இருக்கு. பெட்டிப் படம். கீழ எழுத்து விட்டுப்போச்சு போல. வெறும் ரெண்டு கட்டம்தான் வந்திருக்கு. 'கண்டது', 'நினைத்தது'ன்னு தலைப்பு மட்டும் இருக்கு."

கதவுக்குள் சல்லடை நின்று தாழ்ப்பாளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். போடுவாள், எடுப்பாள். போடுவாள், எடுப்பாள். வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வந்த தோழி, வேலையில்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பிள்ளைங்க சொல்றதை எப்ப அனுப்புவீங்க?"

"அவங்க இன்னும் அஞ்சாங்கிளாஸ்ல இருக்காங்க. அடுத்த வருஷம் வந்து சொல்லுவாங்க."

"காலியா அடிச்சா எங்க தப்புன்னு சொல்லுவாங்க டீச்சர். நிரந்தர ஆசிரியர் யாராவது கையெழுத்துப் போட்டாதான் நான் மெஷின்ல ஏத்த முடியும்."

"கீழ பாருங்க" என்றாள். "போட்டிருக்கேன்."